பட்டாவில் இல்லாத களம்

நெய்வேலி நகரியத்தில் விலாசம் எண்ணால் சொல்லப்படுகிறது: இத்தனையாவது வட்டம், இந்தத் தெரு, இந்த எண். வட்டங்களுக்கு முன்பு அங்கே ஊர்கள் இருந்தன. நெய்வேலி என்பதே நிலம் கொடுத்த ஒரு கிராமத்தின் பெயர்தான். நகரியத்துக்குள் இன்றும் நிற்கும் வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தன்று கூட்டம் நெரிகிறது. கோயில் இருப்பதால் பட்டின் பெயர் பிழைத்தது. களங்களுக்கும் மாட்டுக் கொட்டகைகளுக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

இந்த நகரின் தொடக்கமே ஒரு விவசாய நிலம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது பழுப்பாக ஏதோ மேலே வந்தது. 1956-இல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அன்று தண்ணீரைத் தேடிய இடத்தில் கரி கிடைத்தது. இன்று கரியை எடுப்பதற்காக, அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவுபகலாக இறைத்துத் தள்ளவேண்டியிருக்கிறது.

பழைய பண்ணை வீடு இடிந்துபோனாலும் மனை மிஞ்சியிருந்தால் அங்கே ஒரு பலகை நடலாம். இங்கே மனையும் இல்லை. நிலக்கரிக்கு மேலிருந்த மண் முழுவதும் பெயர்த்தெடுக்கப்பட்டு வேறிடத்தில் மேடாகக் குவிந்திருக்கிறது. இல்லாத இடத்துக்கு மரபு மதிப்பு உண்டா? மரபு என்பது கல்லும் கட்டடமும்தான் என்றால், கிடையாது. ஆனால் அந்த அளவுகோலால் பார்த்தால், இடம் அப்படியே இருந்திருந்தாலும் பெண்களின் பங்கு எதுவும் தென்பட்டிருக்காது. களம் மெழுகியது, மல்லாட்டை ஆய்ந்தது, விதைநெல்லைப் பூச்சியிலிருந்து காத்தது, முந்திரிக்கொட்டையின் பால் பட்டுக் கை வெந்தது என எல்லாமே அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே தீர்ந்துபோன வேலைகள். நினைவுச்சின்னம் எழுப்பும் வழக்கம் செய்து முடித்ததைத்தான் மதிக்கிறது. திரும்பத் திரும்பச் செய்வதை அதற்கு மதிக்கத் தெரியாது.

இழப்பீட்டுக் கணக்கும் அதே வழியில்தான் நடந்தது. கிணற்றுக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும் விலை வைக்கலாம். பணம் பட்டாக்காரர் கைக்குப் போகும். பட்டாவில் எத்தனை பெண்களின் பெயர் இருந்தது? நிறுவனம் பிறந்த அதே 1956-இல்தான் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்தது. தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்த அந்தச் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமையை மகனுக்கே விட்டுவைத்தது. தமிழ்நாடு 1989-இல் அதைத் திருத்தியது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அதுவும் இல்லை. முதல் சுரங்கத்துக்கு நிலம் கைமாறி அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. காலம் கடந்து வந்த உரிமை குழியின் மேல் கிடைத்த உரிமை.

இதைச் சொல்லும்போதே பண்ணையை ஏங்கிப் பார்க்கும் குரல் ஒன்றும் உள்ளே நுழைந்துவிடுகிறது. அதன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. உரலிலிருந்தும் திருகையிலிருந்தும் பெண்ணின் தோளை விடுவித்தது மின்சாரம். அதில் நெய்வேலியின் பங்கு பெரியது. மேலும், அந்தக் களத்தில் எல்லாப் பெண்களும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. வீட்டுக்காரப் பெண் குதிரருகே நின்றாள். நாற்று நட்ட தலித் பெண் கூலி நெல்லுக்காக வெளியே முந்தானையை ஏந்தி நின்றாள். பட்டாக்காரரின் மனைவிக்குக் கணவர் வழியாகவாவது ஏதோ கிடைத்தது. கூலிக்காரப் பெண் இழந்தது வேலையை. அதற்கு அந்தக் கணக்கில் பத்தியே இல்லை. 'நம் பாரம்பரியப் பண்ணை' என்று சொல்லும்போது அந்த 'நம்'மில் அவள் இருக்கிறாளா?

2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, கதிர் விடவிருந்த நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. விவாதமெல்லாம் நிலத்தின் விலையையும் பயிரின் விலையையும் சுற்றியே நடந்தது. அந்த நாற்றை நட்ட கைகள் யாருடையவை என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை.

ஆகவே நெய்வேலியில் மரபைக் காப்பது என்றால் எனக்குத் தோன்றுவது கட்டட வேலை அல்ல, எழுத்து வேலை. மீள்குடியேற்றக் குடியிருப்புகளில் பழைய ஊரை வரைந்து காட்டக்கூடிய முதிய பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கிணறு எங்கே, பலா எங்கே என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தக் கிணற்றில் யார் இறைக்கலாம், யார் கூடாது, அறுப்புக்கு எத்தனை மரக்கால் கூலி, களத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் கேட்டு எழுதவேண்டும். ஒரே களத்தைப் பற்றி இரண்டு பெண்கள் இரண்டு விதமாகச் சொல்லக்கூடும். இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.