கெட்டவன் சாகும்போது

எனக்குப் பிடித்த படங்களைச் சொல்லச் சொன்னால் பட்டியல் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். ஐந்து பெயர்கள் மட்டும் மாறுவதே இல்லை. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’, மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, கீஸ்லோவ்ஸ்கியின் ‘எ ஷார்ட் ஃபிலிம் அபௌட் கில்லிங்’, சந்தான பாரதி இயக்கிய ‘மகாநதி’, வெற்றிமாறனின் ‘விசாரணை’. மொழி வேறு, ஊர் வேறு. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே எண்பது வருடங்களுக்கு மேல் இடைவெளி. ஆனால் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் தண்டிக்கப்படுகிறார். அந்த இடத்தில் எனக்குக் கைதட்ட வருவதில்லை. ‘மகாநதி’ மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இதைப் படித்துவிட்டு என்னை அகிம்சாவாதி என்று நினைத்துவிட வேண்டாம். ‘காக்க காக்க’ இன்றைக்குப் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். அன்புச்செல்வனும் அவன் கூட்டாளிகளும் ரவுடிகளைத் தேடித்தேடிச் சுடும்போது உள்ளுக்குள் ஒன்று நிமிர்ந்து உட்காரும். மனித உரிமைக்காரர்கள் வந்து அந்தப் பிரிவைக் கலைக்கும்போது, ‘இவனுங்க வேற’ என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சலை எனக்குள் யார் வைத்தது, எப்படி வைத்தது என்பதுதான் என் கேள்வி. சுடுவதை ரசித்ததற்காகப் பாவமன்னிப்பு கேட்கும் கட்டுரை இல்லை இது. ரசனை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஆசை மட்டும்தான்.

கைதட்ட வைப்பது ஒரு தொழில்நுட்பம். வில்லன் சாவதற்கு முன்னால் படம் மூன்று வேலைகளை முடித்திருக்கும். முதலில், அவன் செய்த குற்றத்தை நம் கண்ணெதிரே காட்டியிருக்கும். அடுத்து, செய்துவிட்டு அவன் சிரிப்பதைக் காட்டியிருக்கும். மூன்றாவதாக, போலீஸ், கோர்ட், சட்டம் எல்லாமே அவன் சட்டைப்பையில் இருப்பதைக் காட்டியிருக்கும். இந்த மூன்றும் முடிந்த பிறகு ஹீரோ துப்பாக்கியை எடுத்தால் சந்தேகப்பட இடமே இருக்காது. தியேட்டரில் நாம் கடவுளின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம், எல்லாம் தெரியும். ‘போட்றா அவன’ என்று பின்வரிசையிலிருந்து வரும் குரல் அந்தச் சீட்டிலிருந்து வரும் தீர்ப்புதான்.

பிரச்சனை என்னவென்றால், தியேட்டருக்கு வெளியே அந்தச் சீட் யாருக்கும் கிடையாது.

2019 நவம்பர் இறுதியில் ஹைதராபாத் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கைதான நால்வரையும் டிசம்பர் 6 விடியற்காலையில் போலீஸ் சுட்டுக் கொன்றது. சம்பவ இடத்துக்கு அழைத்துப்போனபோது துப்பாக்கியைப் பறித்துத் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். அன்று அங்கே மக்கள் போலீஸ்காரர்கள் மீது பூத்தூவினார்கள், இனிப்பு கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்றும், பத்துப் போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு விசாரணை நடக்க வேண்டும் என்றும் அது சொன்னது. செத்தவர்களில் மூவர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது.

பூத்தூவிய யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பெண்ணுக்காக உண்மையாகவே துடித்தவர்கள். ஆனால் அவர்கள் யாரும் குற்றம் நடந்ததைப் பார்க்கவில்லை. பார்த்ததுபோல அவ்வளவு உறுதியாக இருந்தார்கள். அந்த உறுதியில் ஒரு பங்கு திரையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அந்தக் காட்சியின் அமைப்பு, ஊர் கூடி நிற்பது, பூ விழுவது, எல்லாமே நமக்கு ஏற்கெனவே பழக்கமான கிளைமாக்ஸ்.

இந்த இடத்தில் எல்லோரும் ‘விசாரணை’யைச் சொல்வார்கள். சரியான படம்தான். மு.சந்திரகுமார் தன் அனுபவத்திலிருந்து எழுதிய ‘லாக்கப்’ நாவலை வைத்து எடுத்தது. ஆந்திராவுக்குப் பிழைக்கப் போன தமிழ்ப் பையன்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்படுகிறார்கள். அந்த அடியை நம் முதுகில் வாங்குகிறோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், முதல் பாதி நம்மிடம் கேட்பது சுலபமான கேள்வி. நிரபராதியை அடிக்கலாமா? கூடாது. இதில் யாருக்கு என்ன சந்தேகம்? எனக்கு அந்தப் படம் பெரிதாவது இரண்டாம் பாதியில். பெரிய இடத்துக் கறுப்புப் பணக் கணக்குகளைப் பார்த்த ஆடிட்டர் ஒருவரைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர் அப்பாவி இல்லை. அவரும் அந்தக் கட்டடத்துக்குள் செத்துப்போகிறார். அவர் செத்த சேதி தெரிந்துவிட்டது என்பதற்காக அந்தப் பையன்களும் சாக வேண்டியிருக்கிறது. குற்றவாளியை அடிக்கத் திறந்த கதவு வழியாகத்தான் நிரபராதியும் உள்ளே இழுக்கப்படுகிறான். இரண்டு பேருக்கும் தனித்தனி அறை கிடையாது.

அப்படியானால் கஷ்டமான கேள்வி இது: அவன் நிஜமாகவே செய்திருந்தால்?

‘எம்’ அங்கே இருந்துதான் தொடங்குகிறது. 1931-இல் வந்த ஜெர்மன் படம். குழந்தைகளைக் கொல்பவன் ஒருவன் ஊரில் திரிகிறான். கொலையை லாங் காட்டவே மாட்டார். ஒரு பந்து உருண்டு வந்து நிற்கும். ஒரு பலூன் கம்பியில் சிக்கித் தவிக்கும். வீட்டில் சாப்பாட்டு மேசையில் காலித் தட்டு. அவ்வளவுதான். அதைவிடப் பயங்கரமாக ஒரு கொலையை நான் திரையில் பார்த்ததில்லை. போலீஸ் கெடுபிடியால் தொழில் கெட்டுப்போன திருடர்களும் ரவுடிகளும் தாங்களே அவனைத் தேடிப் பிடிக்கிறார்கள். பழைய சாராய ஆலை ஒன்றில் கூட்டம் போட்டு விசாரிக்கிறார்கள். தலைமை தாங்குபவனே கொலைக் குற்றங்களுக்காகத் தேடப்படுகிறவன். பீட்டர் லோரே அங்கே மண்டியிட்டுக் கதறுவார். நீங்களெல்லாம் வேண்டும் என்று செய்கிறீர்கள், நான் வேண்டாம் என்று நினைத்தும் செய்கிறேன், எனக்குள் ஒன்று என்னைத் துரத்துகிறது என்பதுபோலப் பேசுவார். கூட்டம் ‘கொல்லு’ என்று கத்தும். அவனை மன்னிக்க எனக்குத் தோன்றவில்லை. படமும் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் போய் நிற்கவும் முடியவில்லை. மன்னிப்புக்கும் கொலைவெறிக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது என்று எனக்குக் காட்டிய முதல் படம் அதுதான்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. படம் வந்து இரண்டே வருடத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். லாங் நாட்டைவிட்டுப் போனார், யூதரான லோரேவும் போனார். 1940-இல் நாஜிகள் எடுத்த யூத வெறுப்புப் பிரச்சாரப் படமொன்றில், லோரே கதறும் இதே காட்சியை வெட்டி ஒட்டினார்கள். பாருங்கள், இவர்கள் இப்படித்தான் என்று. கூட்டத்தின் வெறியைக் காட்ட எடுத்த காட்சி, கூட்டத்தை வெறியேற்றப் பயன்பட்டது. முன்னும் பின்னும் வெட்டிவிட்டால் எந்த மனிதனையும் மிருகமாக்கிவிடலாம். முப்பது நொடி வீடியோவை வைத்து ஒருவனைத் தூக்கில் போடச் சொல்லும் காலத்தில் இருக்கும் நமக்கு இது புதிய சேதி ஒன்றும் இல்லை.

கீஸ்லோவ்ஸ்கி நம்மிடமிருந்து எந்த ஆறுதலையும் மிச்சம் வைக்காமல் பிடுங்கிக்கொள்வார். வார்சாவில் ஓர் இளைஞன், யாத்செக், ஒரு டாக்ஸி டிரைவரைக் கொல்கிறான். காரணம் எதுவும் சொல்லப்படுவதில்லை. டிரைவர் நல்லவரும் இல்லை, காத்திருக்கும் ஆட்களை விட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிற ரகம். ஆனால் அவர் சாக எடுக்கும் நேரம் இருக்கிறதே, அது முடிவதே இல்லை. கயிறு, கல், விழுந்த பல்செட். பிறகு அரசாங்கம் யாத்செக்கைத் தூக்கில் போடுகிறது. அதையும் அதே பொறுமையோடு காட்டுகிறார். தூக்குப் போடுபவர் எந்திரத்தைச் சரிபார்க்கிறார். பொறிக்கதவுக்கு அடியில் ஒரு தட்டு வைக்கிறார். எதற்கு அந்தத் தட்டு என்று புரியும்போது வயிறு கலங்கும். இங்கே நமக்கு எல்லாம் தெரியும். கொலையை நாமே பார்த்தோம். சந்தேகத்தின் பலன் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தும் இரண்டாவது கொலை முதலாவதைச் சரிசெய்ததாகத் தோன்றவில்லை. ஒன்றோடு ஒன்று கூடி இரண்டாகிவிட்டது. படம் வந்தது 1988-இல். போலந்தில் கடைசித் தூக்கு நிறைவேறியதும் அதே 1988-இல்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ‘உதிரிப்பூக்கள்’ 1979. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தொட்டுக் கிளம்பி வேறெங்கோ போய்ச் சேர்ந்த படம். சுந்தரவடிவேலு கத்த மாட்டான், கையை ஓங்க மாட்டான். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. அந்தப் பேச்சிலேயே மனைவியை அணு அணுவாக வதைப்பான். அவள் செத்த பிறகு அவள் தங்கையையும் விடமாட்டான். தமிழ் சினிமாவில் இவனைவிடக் கெட்டவனை நான் பார்த்ததில்லை. கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறது. நீயே போய்ச் செத்துப்போ என்கிறது. வேறு எந்தப் படமாக இருந்தாலும் விசில் பறந்திருக்க வேண்டிய இடம்.

அங்கே மகேந்திரன் அவனைப் பேசவிடுகிறார். இத்தனை நாள் நான் ஒருவன்தான் கெட்டவன், இன்றைக்கு உங்கள் எல்லோரையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்ற பொருளில் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறான். ஊர் வாயடைத்து நிற்கிறது. அவன் பேச்சை முழுதாக நம்ப வேண்டியதில்லை. சாகும்போதும் அடுத்தவரைக் குத்திவிட்டுப் போகும் வித்தை அவனுக்குக் கைவந்தது. ஆனால் ஒருவன் சொன்னது குத்தலாக இருப்பதாலேயே பொய்யாகிவிடாது.

இங்கே நண்பர்கள் மடக்குவார்கள். “உன் வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிப் பேசுவியா?” நியாயமான கேள்வி. பேச மாட்டேன். என் வீட்டில் நடந்தால் எனக்கு ரத்தம்தான் வேண்டியிருக்கும். அதனால்தான் அந்த நேரத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் என்னிடம் இருக்கக் கூடாது என்கிறேன். கோர்ட் தாமதமாகிறது, பணக்காரனுக்கு வளைகிறது, உண்மைதான். வளைந்த தராசை நிமிர்த்த வேண்டும் என்பதும், தராசே வேண்டாம் என்பதும் ஒன்றா?

‘மகாநதி’ பார்க்கும்போது இந்த நியாயமெல்லாம் எனக்குக் கைகொடுப்பதில்லை. கிருஷ்ணசாமி ஏமாற்றப்பட்டு ஜெயிலுக்குப் போகிறான், மகள் சோனாகாச்சியில் விற்கப்படுகிறாள். அவன் பழிவாங்கப் புறப்படும்போது நானும் கூடவே போகிறேன். அவன் அடிப்பது எனக்கு வேண்டியிருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்தை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்தப் பழி இல்லை. மீட்டு வந்த மகள் தூக்கத்தில் உளறுகிறாளே, வாடிக்கையாளர்களிடம் பேசுவதுபோல, அதைக் கேட்டு அப்பா உடைகிறானே, அதுதான். வில்லனைக் கொன்றாலும் அவள் தூக்கத்துக்குள் போய் எதையும் அழிக்க முடியாது.

இதை வைத்து மற்ற படங்களைத் திரும்பிப் பார்த்தால் எல்லாமே குழந்தைகளிடம்தான் போய் முடிகின்றன. ‘எம்’ படத்தின் கடைசியில் நீதிபதிகள் வந்து உட்காருகிறார்கள். என்ன தீர்ப்பு என்று சொல்வதற்குள் லாங் காட்சியை மாற்றி, பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் காட்டுகிறார். இதனாலெல்லாம் எங்கள் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை, பிள்ளைகளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாள் அவள். ‘உதிரிப்பூக்க’ளில் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, கரையில் இரண்டு பிள்ளைகள். அம்மா முன்னமே போய்விட்டாள், இப்போது அப்பாவும் இல்லை. ஊருக்கு நியாயம் கிடைத்தது. அந்த இரண்டு பேருக்கு ராத்திரிச் சோறு யார் போடுவது?

கைதட்டல்மீது எனக்கு இருக்கும் சந்தேகம் இதுதான். வில்லன் விழுந்ததும் தட்டுகிறோம், லைட் போடுகிறார்கள், கிளம்பிவிடுகிறோம். கணக்குத் தீர்ந்தது என்ற நிம்மதியோடு வண்டியை எடுக்கிறோம். யாருக்காக அவ்வளவு கோபப்பட்டோமோ அவர்களுடைய வாழ்க்கை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஹைதராபாத்தில் பூத்தூவிய பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அன்று ராத்திரியும் ஏதோ ஒரு டோல்கேட் பக்கத்தில், பஞ்சரான வண்டியோடு ஒரு பெண் தனியாக நின்றிருப்பாள். அவளுக்கு நான்கு சாவுகளால் என்ன வெளிச்சம் கிடைத்தது?

என் ஐந்து படங்களும் லைட் போட்ட பிறகும் என்னை எழுந்திருக்க விடுவதில்லை. செத்தவனிடமிருந்து முகத்தைத் திருப்பி, மிச்சம் இருப்பவர்களைப் பார்க்கச் சொல்கின்றன. ஆற்றங்கரையில் அந்தப் பிள்ளைகள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.