தாலந்துக்கு யார் கணக்கு?

ஒருவருக்கு நாம் கொடுத்த தைரியத்தை அவர் வேறு வழியில் செலவழித்தால், அந்தக் கணக்கு நம் தலையிலா? இந்தக் கேள்வி என்னை விடவே மாட்டேங்குது.

1915-ல் அமெரிக்காவின் ஆர்க்கன்சாவில் பிறந்தவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். சிறுபிள்ளையிலேயே பெந்தெகொஸ்தே சபையில் கிட்டார் வாசித்துப் பாடினார். 1938-ல் நியூயார்க் காட்டன் கிளப்பில் பாடினதும் விசுவாசிகள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ராக் அண்ட் ரோலுக்கே வழி திறந்தவர் என்று பிற்பாடு பேரெடுத்த அதே அம்மா, 1947-ல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் 14 வயசுப் பையன் ஒருவன் பாடுறதைக் கேட்டு மேடையேற்றினார். கையில் காசும் கொடுத்தார். அவன்தான் லிட்டில் ரிச்சர்ட்.

அவரோ 1957-ல், புகழின் உச்சியில், மேடையை விட்டு வேதம் படிக்கப் போனார். 1962-ல் மறுபடி ராக் அண்ட் ரோலுக்கே திரும்பினார். எத்தனை இழுபறி!

இதற்கு ரொசெட்டா அம்மாவா பொறுப்பு? எனக்கு அப்படித் தோணலை. அவர் கொடுத்தது தைரியம். போன வழிக்கு வாங்கினவரே கணக்குக் கொடுக்கணும். ஆனால் கெட்டுப்போவானோ என்று பயந்து, கொடுக்காமலே இருப்பதும் தாலந்தை மண்ணில் புதைப்பதுதானே?

நம் சபையில் கூச்சத்தோடு கடைசி வரிசையில் பாடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். நாம் கூப்பிடாவிட்டால் வேறு யாராவது கூப்பிடத்தான் செய்வார்கள்.