கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஒலிபெருக்கி பேசத் தொடங்கிவிடும். பெண்கள் கழுத்து நகையைச் சேலைத் தலைப்பால் மூடி ஊக்குக் குத்திக்கொள்ள வேண்டும், கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், குழந்தையின் கையை விடக் கூடாது. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி உஸ்மான் சாலையைத் தொடுவதற்குள் இதை நாலைந்து முறையாவது கேட்டுவிடலாம். சொல்வதில் தவறில்லை. நானும் ஊக்குக் குத்திக்கொண்டுதான் போகிறேன். திருட்டு நடந்து முடிந்த பிறகு அந்த அறிவுரை என்னவாக மாறுகிறது என்பதுதான் என் கேள்வி.

என் சித்தி ஒரு பொங்கலுக்கு முந்தின வாரம் துணி எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தார். பின்னால் பைக்கில் வந்த இருவர் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து பவுன். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு, வெகுநாள் மறையவில்லை. காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டுத் தனியா வந்தீங்க?" வீட்டிலும் அதே கேள்விதான், சித்தப்பா வாயிலிருந்து, இன்னும் கொஞ்சம் சூடாக. பொழுது சாய்வதற்குள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்டாக வேண்டும் என்று எல்லோரும் பரபரத்தார்கள். காயத்துக்கு மருந்து போடச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா மட்டும்தான்.

அந்தச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு சித்தி போயிருக்க முடியுமா? நாளும் கிழமையுமாக வெறுங்கழுத்தோடு வாசல் தாண்ட விடுகிற வீடா அது? கவரிங் போட்டுக்கொண்டு போனால் 'பவுன் என்ன ஆச்சு, அடகுக்குப் போயிடுச்சா' என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். குடும்பத்தின் அந்தஸ்தை அவள் கழுத்தில் மாட்டிவிட்டதும் நாம்தான், அதை ஏன் மூடவில்லை என்று கேட்பதும் நாம்தான்.

தமிழில் 'ஆல்' என்றொரு வேற்றுமை உருபு இருக்கிறது. 'மழையால் சுவர் இடிந்தது' என்கிறோம். 'உன்னாலதான் சங்கிலி போச்சு' என்கிறோம். மழையை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. தலைப்பை இழுத்து மூடியிருந்தால் சங்கிலி தப்பியிருக்கலாம் என்பது எது எதனால் நடந்தது என்ற பேச்சு. அது உண்மையாகவே இருக்கலாம். மூடாதது அவள் தப்பு என்பது யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு. முதல் பேச்சில் ஆரம்பித்து இரண்டாவதில் போய் முடிக்கிறோம், நடுவில் தாண்டிய பள்ளம் நம் கண்ணில் படுவதேயில்லை. திருடியவனின் குற்றம் அங்கே முழுசாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு பங்கை வெட்டி எடுத்து சித்திக்குக் கொடுக்க அது என்ன பாகம் பிரிக்கிற சொத்தா?

அப்படியானால் யாருக்கும் எச்சரிக்கையே சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். சொல்லலாம். தோழிக்குச் சொல்வதில்லையா நாம்? அவள் கேட்காமல் போய் அடிபட்டு வந்தால், 'அப்பவே சொன்னேனே' என்பது நாக்கு நுனிவரை வரும், விழுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருவோம். ஓர் அறிவுரை அக்கறையில் வந்ததா, பொறுப்பைத் தள்ளிவிட வந்ததா என்பது, அதைக் கேட்காதவளுக்கு அடிபட்ட பிறகுதான் தெரியவரும்.

அந்த ஊக்குக்குக் கூட்டத்தில் இன்னொரு வேலையும் உண்டு. பேருந்திலோ கடைத்தெரு நெரிசலிலோ இடுப்பைத் தேடி வருகிற கையைக் குத்த அதை விரல் இடுக்கில் வைத்துக்கொண்டு நடக்காத பெண்கள் குறைவு. என் அம்மா எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். அறிவிப்பில் ஊக்கு தங்கத்துக்கு மட்டும்தான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவைப் புரட்டினால், பறித்துத் திருடுவதற்கு 304ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கத்தோடு கைவைத்தால் 74ஆம் பிரிவில் ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை. சட்டப் புத்தகத்தில் எது பெரிய குற்றம் என்பது தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும், 'ஆண்களே, கையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்' என்று அந்த ஒலிபெருக்கி சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் கூட்டம் சிரிக்கும் என்று நினைக்கிறேன். 'நகையை மூடுங்கள்' என்பதற்கு யாரும் சிரிப்பதில்லை.

பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தேவையே இருந்ததில்லை, பாட்டி இருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் நாங்கள் எல்லோரும் கிளம்புவோம், பாட்டி காவலுக்கு. யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே, ராத்திரி முன்விளக்கை அணைக்காதே என்று அப்பா ஆட்டோவில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு வருஷம் பாட்டி கேட்டார்: "நெசமாவே திருடன் வந்துட்டா நான் என்னடா செய்யணும்?" அப்பா ஆட்டோக்காரரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.