வியாப்தியும் விழுக்காடும்

இலங்கையின் தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் 2018 மார்ச் 3ஆம் திகதி உயிர்நீத்தார். அடித்தவர்கள் முஸ்லிம்கள் என்ற ஒரே காரணத்தால், அச்சம்பவத்தோடு எவ்விதச் சம்பந்தமுமில்லாத, அருகிலுள்ள திகன முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்குதலுக்கும் தீக்கும் இரையாக, மார்ச் 6இல் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சந்தேகநபர்களை நீதவான் முன் நிறுத்தும்போது பெயர் கேட்பார்கள். தீ வைத்த கூட்டமோ பெயர் கேட்கவில்லை, இனத்தை மட்டுமே கேட்டது.

சட்டத்தரணித் தொழிலில் தரவுப் பகுப்பாய்வு புகுந்துவரும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் திகனதான் என் நினைவுக்கு வருகிறது. பழைய தீர்ப்புகளுள் பொருத்தமானதைக் கணினி தேடித் தருமாயின் அது குமாஸ்தாவின் சிரமத்தைக் குறைப்பதேயாகும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மனிதனைக் கணிக்கத் தொடங்குமிடத்தில்தான் தர்மசங்கடம் பிறக்கிறது. இன்ன நீதிபதி எவ்வாறு தீர்ப்பளிப்பார் என்று அவர் பெயரை வைத்துக் கணிப்பதைப் பிரான்ஸ் 2019இல் சட்டமியற்றித் தடுத்தது. குற்றவாளி மீண்டும் குற்றம் புரிவானா என்று மதிப்பெண் இடும் பொறியைத் தண்டனை விதிக்கையில் கருத்திற் கொள்ளலாமென, சில எச்சரிக்கைகளோடு, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் இடங்கொடுத்தது. ஆசனத்தில் இருப்பவரை அளக்கலாகாது, கூண்டில் நிற்பவனை அளக்கலாம்! இரு தேசத்தாரின் இருவேறு முடிவுகளாயினும், அருகருகே வைத்துப் பார்க்கையில் சற்றே நகைப்பு வருகிறது.

நமது தர்க்க சாஸ்திரிகளும் அனுமானத்தைப் பிரமாணமாக ஏற்றவர்களே. ஆனால் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பவன், நெருப்பின்றிப் புகை எங்குமே இராதென்னும் வியாப்தியைக் காட்டியாக வேண்டும் என்றார்கள். பொறி காட்டுவதோ வெறும் விழுக்காடு: உன்னைப் போன்றோர் பலர் தவறினர் என்பதிலிருந்து நீ தவறுவாய் என்னும் முடிவு பிறக்காது. சிலப்பதிகாரத்தில், களவுப் பழி சுமந்த கோவலனின் தோற்றத்தைக் கண்டு இவன் கொலைக்குரியவனல்லன் என்று காவலர் தயங்கியபோது, கள்வருக்குரிய எட்டுவகைத் துணைகளைப் பொற்கொல்லன் வரிசையாக எடுத்தோதினான். கோவலனைப் பற்றிய சாட்சியம் அதில் ஏதுமில்லை, கள்வர் என்னும் வகுப்பைப் பற்றிய வித்தைதான் இருந்தது, வாளை வீசச் செய்ய அதுவே போதுமாயிற்று.

தான் கொன்றவர்களின் விரல்களை மாலையாகக் கோத்தணிந்த, பௌத்த நூல்களில் வரும் அங்குலிமாலனின் கடந்தகாலத்தை எந்தப் பொறியிடம் ஒப்படைத்தாலும் மீண்டும் கொல்வான் என்ற ஒரே விடைதான் வந்திருக்கும். பிக்குவாகிவிட்ட அவன் பெயரால் வழங்கும் பிரித் என்னும் காப்புப் பாராயணத்தைத்தான், பிரசவம் நெருங்கும் பெண்களுக்காக, இலங்கையின் தேரர்கள் இன்றும் ஓதிவருகிறார்கள்.