ஒரு பிள்ளைக்காக

சென்ற ஆண்டு தவக்காலத்தில் எங்கள் பங்குப் பேரவை கூடியபோது ஒரு தாயின் விண்ணப்பம் எங்கள்முன் வைக்கப்பட்டது. அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. ஹீமோபிலியா எனப்படும் குருதி உறையாமைக் குறையுடன் பிறந்தவன். அதற்குரிய ஊசிமருந்தை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமின்றியே தருகிறார்கள். ஆனால் வாரந்தோறும் மகனை அழைத்துக்கொண்டு அங்குப் போய்வரும் பேருந்துச் செலவையும், அந்நாளில் இழக்கும் கூலியையும் அவரால் தாங்க இயலவில்லை. அதற்குத்தான் உதவி கேட்டிருந்தார்.

பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "சாமி, இந்த ஒரு பையனுக்கு ஆகிற செலவில் இருபது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம். நோயும் முழுசாகக் குணமாகப் போவதில்லை. ஒருத்தனுக்காக இருபது பேரை விடுவது நியாயமா?" என்றார். அவர் கல்நெஞ்சர் அல்லர். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகப் பல்லாண்டு அலைந்தவர். ஆகவேதான் அக்கேள்வி என்னைச் சுட்டது. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றவன் நான். ஆயினும் அன்று என்னிடம் விடை இல்லை. விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்தோம்.

முதலில் நோயை அறிவோம். குருதி உறைவதற்குப் பல காரணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலாற்றுகின்றன. அவற்றுள் எட்டாம் காரணி குறைந்து பிறப்போர், ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர். பலர் எண்ணுவதுபோல் இவர்களுக்குக் குருதி விரைந்து கொட்டுவதில்லை, நிற்க மறுக்கிறது. வெளிக்காயத்தைவிட உட்கசிவே கொடியது. முழங்காலிலும் கணுக்காலிலும் முழங்கையிலும் மீண்டும் மீண்டும் கசியும் குருதி மூட்டை அரித்து, ஓடியாட வேண்டிய சிறுவனை முடக்கிவிடும். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே இடர்.

இது மாற்ற இயலாத விதி அன்று. கசிந்தபின் மருந்து தேடாமல், கசியும் முன்னரே குறைந்த காரணியை முறையாகச் செலுத்திவரும் வழக்கம் சுவீடன் நாட்டில் 1958இலேயே தொடங்கிவிட்டது. 1964இல் அமெரிக்க அறிவியலாளர் ஜூடித் பூல், உறையவைத்த பிளாஸ்மாவை மெல்ல உருகச் செய்து, எட்டாம் காரணி செறிந்த பகுதியைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார். சாதாரண இரத்த வங்கியிலும் செய்யத்தக்க எளிய வழி அது. ஆயினும் உலகில் இந்நோயுள்ளோருள் நால்வரில் மூவருக்குப் போதிய சிகிச்சை கிட்டவில்லை என்று உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு நெடுங்காலமாகக் கூறிவந்திருக்கிறது. நோய் ஒன்றே, செல்வ நாட்டில் பிறந்தவன் பள்ளிக்கு நடக்கிறான், ஏழை நாட்டில் பிறந்தவன் திண்ணையில் கிடக்கிறான். குருதியின் குறை இயற்கையுடையது. இந்த வேறுபாடோ மனிதருடையது. மனிதர் உண்டாக்கியது எதுவோ, அது நீதியின் முன் விடை சொல்லியாக வேண்டும்.

இனி மற்றொரு குருதிப்போக்கைக் கருதுங்கள். பிறந்த குழந்தையின் உடலில் வைட்டமின் 'கே' மிகக் குறைவு. தாய்ப்பாலிலும் அது குறைவே. அதனால் சில குழந்தைகளுக்கு முதல் வாரத்திலோ, அடுத்த சில மாதங்களுக்குள்ளோ குருதி கசியும். மூளைக்குள் கசிந்து இறப்பதும் உண்டு. பிறந்தவுடன் தொடையில் போடும் ஒரு மில்லிகிராம் ஊசி இதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. விலை மிகச் சொற்பம். இவ்வைட்டமினைக் கண்டறிந்ததற்காக ஹென்ரிக் டாமும், அதன் வேதியியல் அமைப்பை ஆராய்ந்ததற்காக எட்வர்டு டாய்சியும் 1943ஆம் ஆண்டுக்குரிய நொபெல் பரிசைப் பெற்றனர். மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வூசியைப் போட வேண்டுமென நம் நடுவண் அரசு 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

இதில் ஓர் உண்மை மறைந்துள்ளது. இவ்வூசி பெறும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் அது இல்லாவிடினும் நலமாகவே இருந்திருப்பர். மிகச் சிலருக்காகவே அனைவருக்கும் போடுகிறோம். அதை எவரும் வீண் என்பதில்லை. ஏன்? அந்தச் சிலர் யாரென்று நமக்குத் தெரியாது. நம் பிள்ளையாகவும் இருக்கலாம். ஹீமோபிலியாவிலோ அந்த ஒருவன் யாரென்று தெரிந்துவிட்டது. அவன் நம் பிள்ளை அல்லன் என்பதும் தெரிந்துவிட்டது. உடனே கணக்குப் பார்க்கத் தொடங்குகிறோம். முகம் தெரியாதவனுக்குத் தாராளமாய்க் கொடுத்துவிட்டு, முகம் தெரிந்தவனிடம் சிக்கனம் பேசுவது என்ன அறம்?

விலை வேறுபாடு உண்மையே. அதை நான் மறுக்கவில்லை. வரம்பற்ற நிதி எந்தப் பங்குக்கும் இல்லை, எந்த அரசுக்கும் இல்லை. ஆனால் கடும் தேவையில் இருப்பவன்முன் உலகப் பொருள்கள் எல்லார்க்கும் பொதுவாகின்றன என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். மருத்துவ உதவியை மனிதரின் உரிமைகளுள் ஒன்றாகத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் தமது 1963ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எண்ணினார். உரிமை என்றால், மிஞ்சியதில் கொடுப்பது அன்று. முதலில் எடுத்து வைப்பது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் எனக்கு ஒளி தந்தது. யாயிரின் மகள் சாகும் தறுவாயில் கிடக்கிறாள், வயது பன்னிரண்டு. இயேசு விரைகிறார். வழியில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குருதிப்போக்கினால் வருந்தி, கைப்பொருளையெல்லாம் மருத்துவரிடம் இழந்த பெண்ணொருத்தி அவரது ஆடையைத் தொடுகிறாள். இயேசு நின்றுவிடுகிறார். சிறுமியின் தந்தைக்கு அந்நேரம் எப்படி இருந்திருக்கும்! ஒருத்திக்கான நேரம் மற்றவளிடமிருந்து பறிக்கப்பட்டதாகவே தோன்றியிருக்கும். ஆயினும் ஆண்டவர் இருவரையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. ஒருத்தியை 'மகளே' என்றழைத்தார். மற்றவளைக் கைப்பிடித்து எழுப்பினார்.

அத்தாய் என்னைத் தனியே சந்தித்தபோது கேட்டது வேறொன்று. "என் ரத்தத்தில் இருந்துதானே சாமி அவனுக்கு வந்தது? நான் செய்த பாவமா?" புகுந்த வீட்டார் அவரை அப்படித்தான் பேசுகிறார்களாம். தாய்வழியே இக்குறை வருவது உண்மை. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இல்லாமலே, புதிதாய்த் தோன்றுகிறது. எவ்வாறாயினும் அது பாவம் அன்று. பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா இவன் பெற்றோரா என்று சீடர் வினவியபோது, இருவரும் அல்லர் என்றே இயேசு மறுமொழி பகர்ந்தார். நாம் இன்னும் சீடரின் கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

'தடுப்பு' என்னும் சொல்லுக்கு இன்று வேறொரு பொருளும் தரப்படுகிறது: கருவிலேயே சோதித்துக் கலைத்துவிடுவது. பாதுகாப்பான பேறுகாலத்திற்காகச் சோதிப்பதைத் திருச்சபை தடுக்கவில்லை. ஆனால் நோயைத் தடுப்பது வேறு, நோயாளியே பிறவாமல் தடுப்பது வேறு. இதை நாம் உரக்கச் சொல்கிறோம்; சொல்லவும் வேண்டும். எனினும், 'பெற்றெடு' என்று தாய்க்குப் போதித்துவிட்டு, பிறந்த மகனைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் அவளைத் தனியே நிற்க விடும் சமூகத்தின் போதனைக்கு வலுவேது?

குணமாகாது என்ற சொல்லும் இனி அவ்வளவு உறுதியானதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் மரபணுச் சிகிச்சை அளித்த கடும் ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கும், அதன்பின் கண்காணித்த காலத்தில் குருதிக்கசிவே ஏற்படவில்லை என்ற செய்தி 2024இல் வெளியாயிற்று. அது எல்லார்க்கும் எட்ட நாளாகும். அதுவரை நம்மால் ஆவது பல. ஆஸ்பிரின் மாத்திரையும், மருத்துவரைக் கேளாது போடும் தசை ஊசியும் இப்பிள்ளைகளுக்கு ஆகா என்று வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் சொல்லலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவையும் உள்ளடக்கியது; அதற்குரிய சான்றிதழைப் பெற உடன் செல்லலாம். இரத்ததானம் செய்யலாம்.

அடுத்த கூட்டத்திற்கு முன் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். விண்ணப்பத்தை ஒத்திவைத்த அதே நாளில், பங்குத் திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் மின் அலங்காரத்திற்கும் தொகை ஒதுக்கியிருந்தோம். அது நியாயமா என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கையொப்பமிட்டிருந்தேன். இருபது பிள்ளைகளின் புத்தகத்தையும் ஒரு பிள்ளையின் காலையும் தராசின் இரு தட்டுகளில் வைத்த நாங்கள், வாணவேடிக்கையைத் தராசுக்கு வெளியே வைத்துவிட்டோம்.

அதைக் குறைக்கலாம் என்று முன்மொழிந்தேன். சிறிது நேரம் மௌனம். பின்பு அந்த மூத்த உறுப்பினரே வழிமொழிந்தார். புத்தகத்திற்கான தொகையில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

சிறுவன் இப்போது தவறாமல் மருத்துவமனைக்குச் சென்று வருகிறான். புதிய கசிவுகள் குறைந்துள்ளன. ஆயினும் திருப்பலிக்கு வரும்போது இடக்காலைச் சற்றே இழுத்துத்தான் நடக்கிறான். மூட்டில் முன்பே நேர்ந்த சேதம் இம்மருந்தால் மீளாது. நற்கருணை வழங்கும் வேளையில் அந்தக் காலடி ஓசை என்னை நெருங்குகிறது. நாங்கள் தாமதித்த காலத்தின் ஓசை அது.