நல்வாழ்க்கையும் நாகர் தலைவனும்

பொருளீட்டலைப் பௌத்தம் பழித்தது எனப் பலர் எண்ணுகின்றனர். துறவியர்க்குரிய விதியை இல்லறத்தார் மேலும் ஏற்றிப் பார்ப்பதால் விளைந்த பிழை அது. புத்தர் வகுத்த எண்வகை நெறியுள் ஐந்தாவது நல்வாழ்க்கை. அஃதாவது, குற்றமற்ற தொழிலால் உயிர் வாழ்தல். சிகாலன் என்னும் இளைஞனுக்கு அவர் உரைத்ததாகத் தீக நிகாயத்தில் ஓர் அறிவுரை உண்டு. தேனீயைப் போல் பொருள் திரட்டுக. அதனை நான்கு கூறாக்கி, ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலில் இட்டு, எஞ்சியதை இடர்க்காலத்துக்கு வைக்க என்பது அது. இது வறுமையைப் போற்றுவோர் பேச்சன்று.

ஆயினும் வேலி ஒன்று உண்டு. படைக்கலம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் இல்லறத்தார் விற்றல் ஆகாது என்கிறது அங்குத்தர நிகாயம். வாள் விற்பவன் எவரையும் வெட்டுவதில்லை. கள் விற்பவன் தான் குடித்தாக வேண்டும் என்பதுமில்லை. பின் ஏன் இவ்விலக்கு? பிறருக்கு நேரும் கேடே அவன் வருவாய்க்கு ஊற்று. போர் மூண்டால் வாள் விற்கும். ஊர் குடித்தால் கடை செழிக்கும். தன் ஊதியத்தின் பொருட்டு அக்கேட்டினை விரும்பும் நிலைக்கு அவன் நெஞ்சம் மெல்ல மெல்ல வந்துவிடும். ‘உழைத்துத்தானே உண்கிறேன்’ என்னும் மறுமொழி இங்கே செல்லாது.

வேறு பிழைப்பு அறியாதவன் என் செய்வான்? இவ்வினாவை மணிமேகலையில் ஒரு நாகர் தலைவன் எழுப்புகிறான். சூதிலும் தீயொழுக்கத்திலும் பொருளிழந்த புகார் வணிகன் சாதுவன், கலம் கவிழ்ந்து, மனிதரைக் கொன்று தின்னும் நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவர்தம் மொழி அறிந்தமையால் உயிர் பிழைத்து, அவர்தம் தலைவனுக்கு அறம் கூறுகிறான். கள்ளும் ஊனும் விட்டால் உயிர் வாழ இயலாது. எமக்கு இயலும் அறத்தைச் சொல் என்கிறான் தலைவன். சாதுவன் சினந்தானில்லை. கரை சேரும் மக்களைக் காத்திடுக; மூத்து இறந்த விலங்கன்றி வேறு உயிரைக் கொல்லற்க என்கிறான். கள்ளைப் பற்றிய பேச்சையே எடுத்தானில்லை! கொள்கையைத் தளர்த்தினான் எனக் குறை கூறுவோர் உளர். அன்று முதல் அக்கரையில் பிழைக்கப்போகும் உயிர்களை எண்ணுவோர் அவ்வாறு கூறார்.

வறியவர்க்கு அறம் கூறுவதோடு அரசின் கடன் தீர்ந்துவிடுவதில்லை என்பதும் பௌத்தக் கருத்தே. கள்வர் மலிந்த நாட்டில் ஒறுப்பினும், உழவர்க்கு விதையும் வணிகர்க்கு முதலும் பணியாளர்க்கு ஊதியமும் தருவதே வழி என அரசனுக்கு எடுத்துரைக்கும் கதை ஒன்று தீக நிகாயத்தில் உண்டு.

சாதுவன் கதையில் மாணவர் எளிதில் கடந்துவிடும் இடமும் ஒன்றுண்டு. நாகர் தலைவன், தாங்கள் முன்பு கொன்று தின்ற கடலோடிகளின் நறுமரம், மென்துகில், நிதிக்குவியல் ஆகியவற்றை அவனுக்கு அளிக்கிறான். சாதுவன் அவற்றை மறுத்தானில்லை. சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலேறி ஊர் திரும்பி, மனைவி ஆதிரையோடு வாழ்ந்து, தானங்கள் பல செய்தான். அப்பொருளை அவன் ஏற்றது தகுமோ எனச் சாத்தனார் வினவவும் இல்லை. விடை கூறவும் இல்லை.