உணவுக்கு நன்றி சொல்லலாமா?

தருமபுரி மாவட்டத்தில், அணை ஒன்றை அடுத்த இலங்கைத் தமிழர் முகாமில் நாம் அறிந்த மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். நார்வே நாட்டில் பிறந்து வளரும் அவருடைய மகள்வழிப் பேத்தி, ஒரு கோடை விடுமுறையில் முதன்முறையாக அவரைக் காண வந்தாள். அம்மம்மா அவித்துத் தந்த பிட்டையும் மீன் குழம்பையும் உண்டு முடித்த சிறுமி நிமிர்ந்து அமர்ந்து, "சாப்பாட்டுக்கு நன்றி, அம்மம்மா" என்றாள். மூதாட்டியின் முகம் வாடிவிட்டது. "என்ன பிள்ளை, பிறத்தியாருக்குச் சொல்லுற மாதிரி எனக்கு நன்றி சொல்லுறாய்?" என்றார். சிறுமி ஒன்றும் விளங்காமல் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

நார்வேக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. யாழ்ப்பாணத்து அந்தோனி இராசேந்திரம் 1956-இல் அங்குச் சென்றார். 1983-ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்குப் பின் ஏராளமானோர் ஏதிலிகளாய்ச் சென்று சேர்ந்தனர். வடகோடிக் கடற்கரையின் மீன் பதனிடும் ஆலைகளில் பலர் உழைத்தனர். அங்கே அவர்கள் கற்க வேண்டியிருந்த அன்றாடத் தொடர்களுள் ஒன்று 'தக் ஃபோர் மாத்தன்'. உணவுக்கு நன்றி என்பது அதன் நேர்ப்பொருள். உண்டவர் எவராயினும், பெற்ற பிள்ளையே ஆயினும், உணவு மேசையை விட்டு எழுமுன் சமைத்தவரிடம் அதைச் சொல்வது அந்நாட்டு வழக்கம். முன்பொரு நாள் சந்தித்தவரை மீண்டும் காணும்போது, கடந்த சந்திப்புக்கு நன்றி எனக் கூறவும் அவர்களிடம் தனித் தொடர் உண்டு. 'தயவு செய்து' என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் அம்மொழியில் இல்லை என்பதை நினைத்தால் சற்று வியப்பே. கேட்பதற்கு இல்லாத சொல், பெற்றதற்கு இத்தனை!

சிறுமி தன் நாட்டுத் தொடரைப் பிழையின்றித்தான் தமிழாக்கினாள். ஆயினும் அங்கே உறவைக் காக்கும் சொல், இங்கே உறவை அறுப்பது போல் ஒலித்தது. ஏன்?

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்பது பெற்றவர் வாயால் கூறும் சொல்லன்று. கொடுத்தவர் செய்த நன்மையே நன்றி. பெற்றவர்க்கு உரியவை அதை அறிதலும் மறவாதிருத்தலும். நம் மாவட்டத்துத் தகடூரை ஆண்ட அதியமான் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு ஈந்தான். அதனைப் பாடும் புறநானூற்றின் 91-ஆம் பாட்டில், இன்று நாம் சொல்லும் பொருளில் ஔவையார் நன்றி கூறவில்லை. நீலகண்டனைப் போல் நிலைபெற்று வாழ்க என வாழ்த்துகிறார். கனியைப் பெறுதற்கிருந்த அருமையையும், அதன் பயனை அவன் சொல்லாது மறைத்ததையும் எண்ணிப் பார்க்கிறார். அதுவே அறிதல்.

நம் திருச்சபை வழக்கிலும் இதே சாயலைக் காணலாம். கிரேக்கத்தில் நன்றி செலுத்துதல் எனப் பொருள்படும் சொல்லால் வழங்கிய அருளடையாளத்தை நாம் 'நற்கருணை' என்கிறோம். பெற்றவரின் நன்றியைச் சுட்டிய பெயருக்கு ஈடாக, கொடுத்தவரின் கருணையைச் சுட்டும் பெயர் நம்மிடையே நிலைத்துவிட்டது. இதைக் குறையென்று நாம் கருதவில்லை.

ஆகவே மூதாட்டியின் பக்கமே நியாயம் என்று தீர்ப்புக் கூறிவிட ஆசைதான். லூக்கா நற்செய்தியின் பதினேழாம் அதிகாரம் குறுக்கே நிற்கிறது. தொழுநோய் நீங்கியவர் பதின்மர்; திரும்பி வந்து நன்றி செலுத்தியவர் ஒருவர். மற்ற ஒன்பதின்மரும் தம் உள்ளத்தில் நன்மையை அறிந்தேயிருக்கலாம். குருக்களிடம் தங்களைக் காட்டுமாறு இட்ட கட்டளைப்படிதானே அவர்கள் போனார்கள்? ஆயினும் இயேசு அவர்கள் எங்கே என்று கேட்டார். திரும்பி வந்தவரோ சமாரியர். அன்னியர் என்றே ஆண்டவர் அவரைக் குறிப்பிடுகிறார். பிறத்தியார் போல் நன்றி சொல்கிறாயே என்று கடிந்துகொள்ளுமுன் இதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. கூடவே இருப்பவர் பெற்றதைப் பெற்றதாகவே உணராமற் போகிறார், வெளியாள் உணர்கிறார்.

வீட்டாருக்குள் நன்றி எதற்கு என்பதைப் பெருமிதத்தோடு சொல்லுகிறவர் பெரும்பாலும் உண்பவரே, சமைப்பவர் அல்லர். குழம்பில் உப்புக் கூடினால் அதைச் சொல்ல நமக்கு மொழி தடையாயிருந்ததில்லை. அளவாய் அமைந்த நாளில் மட்டும், அன்புக்குச் சொல் தேவையில்லை என்று தத்துவம் பேசுகிறோம். வள்ளுவர் கேட்ட 'அறிதல்' நம் மௌனத்துள் இருக்கிறதா, அன்றி மௌனம் மட்டுமே இருக்கிறதா? ஞாயிறுதோறும் திருப்பலியில் இறைவனுக்கு நன்றி கூறிவிட்டு வீடு திரும்பி, அடுப்படியில் நிற்பவரிடம் "இன்னும் ஆகவில்லையா?" என்று கேட்கும் நாம் இதற்கு விடை சொல்லக் கூசுகிறோம்.

மேலும் ஒன்று. நார்வே வழக்கத்தில் நன்றி சொல்லும் வேளையில் சமைத்தவரும் பெரும்பாலும் உடன் அமர்ந்திருப்பார். நம் இல்லங்களில் அவர் எல்லார்க்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ண அமர்கிறார். அதற்குள் மற்றவர்கள் கைகழுவி எழுந்து போயிருப்பார்கள்.

முகாமில் அன்று மாலை தாய் மகளிடம் தமிழ் வழக்கத்தை விளக்கினார்: "அம்மம்மாவிடம் நன்றி சொல்லாதே, இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்று கேள், அதுதான் அவவுக்குச் சந்தோசம்." மறுநாள் சிறுமி அவ்வாறே கேட்டு, வயிறு நிறைந்த பின்னும் ஒரு பிடி பிட்டு வாங்கி உண்டாள். பின்னர் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். மூதாட்டி தமக்கென்று மீதியைத் தட்டில் இட்டுக்கொண்டு பாயில் அமர்ந்தார். சிறுமி மட்டும், அவர் உண்டு முடிக்கும்வரை, காய்ந்த கையோடு அருகிலேயே அமர்ந்திருந்தாள்.